19 நாளாக அணையாத லேப்டாப்

மெய்ப்புத் திருத்துவது என் வேலை. நாள் முழுக்க ஒரு பக்கம் வேர்டு ஃபைல், மறுபக்கம் பிரவுசரில் ஏழெட்டு அகராதிப் பக்கங்கள். லேப்டாப்பைப் பிழிந்தெடுக்கிற வேலை எதுவும் கிடையாது. அப்படியிருக்க ஒரு நாள் மாலை "கொண்டிருந்தான்" என்று தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தால் 'கொ' மட்டும் நிற்கிறது. கர்சர்கூடச் சிமிட்டவில்லை. நாலு வினாடி, அஞ்சு வினாடி. பிறகு மிச்ச எழுத்துகள் மூட்டை அவிழ்ந்த மாதிரி ஒரே நேரத்தில் கொட்டின. அதற்குள் பொறுமையிழந்து நான் அழுத்தியிருந்த பேக்ஸ்பேஸும் கடைசியில் வந்து சேர்ந்து, 'ன்'னைத் தின்றுவிட்டுப் போனது. பிழை திருத்துகிறவன் கையாலேயே புதுப் பிழை.

முதலில் வயதின் மேல் பழியைப் போட்டேன். ஐந்து வருட மெஷின், 8 ஜிபி ரேம் (ஓடுகிற புரோகிராம்களின் வேலை மேடை), 256 ஜிபி எஸ்எஸ்டி (ஃபைல்கள் தங்கும் வேகமான டிஸ்க்), விண்டோஸ். "வயசாயிடுச்சு" என்பது எந்த வலிக்கும் சொல்லிவிடக்கூடிய காரணம். வயதால் தளர்ந்த மெஷின் என்றால் திங்கட்கிழமையும் தளர்ந்திருக்க வேண்டும், வெள்ளிக்கிழமையும் தளர்ந்திருக்க வேண்டும். என்னுடையது அப்படி இல்லை. திடீரென்று ஒரு நாள் புதுசு மாதிரி ஓடும். அடுத்த சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேற்றில் இறங்கும். பிறகு ஒரு நாள் மறுபடி புதுசாகிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தை அப்போதே உட்கார்ந்து யோசித்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

யோசிக்காமல் என்னென்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். டெம்ப் ஃபைல்களை அழித்தேன். பிரவுசரில் நீட்சிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஓர் இரவு முழுக்க வைரஸ் ஸ்கேன் ஓடவிட்டேன், ஒன்றும் சிக்கவில்லை. இதெல்லாம் வீண் வேலை, ஆனால் கெடுதல் இல்லை. கெடுதல் செய்தது நான் இறக்கிய ஒரு "மெமரி கிளீனர்". பொத்தானை அமுக்கினால் ரேம் உபயோகம் 92 சதவீதத்திலிருந்து 45க்கு இறங்கும். பார்க்கவே குளிர்ச்சியாக இருக்கும். அடுத்த நிமிடம் வேர்டைத் தொட்டால் முன்பைவிட மோசமாக முழிக்கும்.

காரணம் பிறகுதான் புரிந்தது. இந்த மாதிரி கிளீனர்களில் பலவும் செய்வது, ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம்கள் ரேமில் வைத்திருப்பதைப் பிடுங்கி வெளியே தள்ளுவதுதான். அவற்றில் பாதியை நான் அடுத்த நொடியே திரும்பக் கேட்பேன். கேட்டதை மறுபடி ரேமுக்குள் கொண்டுவர விண்டோஸ் மூச்சு வாங்கும். சமைத்துக்கொண்டிருக்கும்போதே அடுக்களைச் சாமானையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டு, "பார், மேடை எவ்வளவு சுத்தம்!" என்பது போல.

இன்னொரு தடயமும் கண்முன்னாலேயே இருந்தது. சி டிரைவில் காலி இடம் தினமும் அரை ஜிபி, முக்கால் ஜிபி என்று குறைந்துகொண்டே போனது. நான் எதையும் புதிதாகச் சேமிக்கவில்லை. பழைய படங்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றினேன். இரண்டு வாரத்தில் அந்த இடமும் காணாமல் போனது. லேப்டாப் புதுசு மாதிரி ஓடுகிற நாளில் பார்த்தால் காலி இடமும் தானாகத் திரும்பி வந்திருக்கும். இரண்டையும் நான் முடிச்சுப் போடவே இல்லை. வேகம் ஒரு தொல்லை, இடம் இன்னொரு தொல்லை என்று தனித்தனியாகப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சிஸ்டம் அட்மினாக இருக்கும் நண்பனுக்குப் போன் செய்தேன்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?"

"தினமும் ராத்திரி ஷட் டவுன் பண்ணிட்டுத்தான்டா படுக்கறேன்."

"நான் அதைக் கேக்கலையே. ரீஸ்டார்ட் பண்ணியான்னு கேட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"டாஸ்க் மேனேஜரைத் திற. பெர்ஃபார்மன்ஸ், அதுல சிபியு. கீழ அப் டைம்னு இருக்கும். எவ்வளவு காட்டுது?"

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், ஓடுகிற புரோகிராம்களைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜர் நேராகத் திறக்கும். திறந்தது, தன் வேகத்தில். அப் டைம்: 19 நாள், சில மணி நேரம். முந்தைய இரவு பதினொரு மணிக்கு என் கையால் அணைத்த மெஷின் 19 நாளாக ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறது.

2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலான லேப்டாப்புகளில் அது தானாகவே ஆன் ஆகியிருக்கும். ஷட் டவுன் கொடுத்தால் நாம் திறந்து வைத்த புரோகிராம்கள் மூடப்படும், நம் கணக்கிலிருந்து வெளியேற்றப்படுவோம். ஆனால் விண்டோஸின் அடித்தளமும், பின்னணியில் ஓடும் சர்வீஸ்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதிவைக்கப்படும். காலையில் அதை அப்படியே எடுத்து விரித்துவிடும். அதனால்தான் சட்டென்று கிளம்புகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும்தான் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். அணைப்பதைவிட அணைத்துத் திறப்பதுதான் முழுமையான அணைப்பு என்பது கேட்க விசித்திரம்தான். ஷிப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுனைச் சொடுக்கினாலும் முழுசாக அணையும்.

ஏற்ற இறக்கத்தின் ரகசியமும் அப்போது பிடிபட்டது. விண்டோஸ் அப்டேட் வருகிற நாளில் அதுவே ரீஸ்டார்ட் கேட்கும். "புதுசு மாதிரி" ஓடிய நாட்கள் எல்லாம் அப்டேட்டுக்கு மறுநாட்கள். அப்டேட்தான் லேப்டாப்பை வேகப்படுத்துகிறது என்று நான் நினைத்து, அடுத்தது எப்போது வரும் என்று காத்துக்கொண்டுகூட இருந்தேன்.

ரீஸ்டார்ட் கொடுக்கப் போனவனை நண்பன் தடுத்தான். "இப்ப பண்ணிடாதே. பண்ணினா சரியாயிடும், ஆனா யார் பண்ணினதுன்னு தெரியாமலே போயிடும். மூணு வாரம் கழிச்சு மறுபடி எனக்கு போன் பண்ணுவே." அவன் சொன்ன பல விஷயங்களில் எனக்கு மிகவும் உதவியது இதுதான். மெஷின் திணறிக்கொண்டிருக்கும்போதுதான் ஆளைப் பிடிக்க முடியும்.

டாஸ்க் மேனேஜரை நான் முன்பே பலமுறை பார்த்திருக்கிறேன். பிராசஸஸ் பக்கத்தில் மெமரி என்ற தலைப்பைச் சொடுக்கினால் பெரியது மேலே வரும். எப்போதும் பிரவுசர்தான் மேலே, 1.4 ஜிபி. அதற்கடுத்து வேர்டு. அதனால் பிரவுசரைத் திட்டிவிட்டு இரண்டு டேபை மூடுவேன். நண்பன் வேறு இடத்துக்குப் போகச் சொன்னான். டீடெயில்ஸ் பக்கம், மேலே தலைப்பு வரிசையில் வலது சொடுக்கு, செலக்ட் காலம்ஸ், அதில் கமிட் சைஸ். புது நெடுவரிசை ஒன்று வந்து உட்கார்ந்தது. அதன் தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்தினேன்.

மேலே வந்து நின்றது நான் கேள்விப்பட்டே இராத ஒரு பெயர். எட்டு எழுத்து, பாதி சுருக்கக் குறிகள். அதன் மெமரி நெடுவரிசையில் 212,380 கே. அதாவது சுமார் 207 எம்பி. பட்டியலில் யாரும் திரும்பிப் பார்க்காத அளவு. கமிட் சைஸ் நெடுவரிசையில் 11,023,456 கே. இலக்கங்களை விரலால் எண்ணிப் பார்த்தேன். பத்தரை ஜிபி. 8 ஜிபி ரேம் உள்ள மெஷினில் ஒருத்தர் பத்தரை ஜிபி வாங்கி வைத்திருக்கிறார்.

இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் என்னை இரண்டு மாதம் ஏமாற்றியது. மெமரி என்று முதலில் தெரிவது, அந்த புரோகிராம் தனக்கென்று வைத்திருப்பதில் இந்த நொடி ரேமுக்குள் இருக்கும் பங்கு மட்டும். கமிட் என்பது "எனக்கு வேண்டும்" என்று அது விண்டோஸிடம் கேட்டு வாங்கிக்கொண்ட மொத்தக் கணக்கு. ரேமில் இடம் போதாவிட்டால் விண்டோஸ் அந்தச் சரக்கில் பெரும்பகுதியை டிஸ்க்கில் பேஜ் ஃபைல் என்ற கிடங்குக்கு அனுப்பிவிடும். கிடங்கு நிறைய நிறையப் பெரிதாகும். என் சி டிரைவை தினமும் கொறித்தது அதுதான். ரீஸ்டார்ட் ஆனதும் கிடங்கு சுருங்கும், காலி இடம் திரும்பி வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைச் சொடுக்கினால் கமிட்டட் என்று இரண்டு எண்கள் இருக்கும். என்னுடையது 17.8/19.6 ஜிபி. இரண்டாவது எண் ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த உச்சவரம்பு. முதல் எண் இரண்டாவதை நெருங்கினால் அடுத்து புரோகிராம்கள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ள ஆரம்பிக்கும்.

டாஸ்க் மேனேஜர் 1996இல் விண்டோஸ் என்டி 4.0வோடு வந்தது. இத்தனை வருடமாக அதைத் திறந்து முதல் பக்கத்தோடு மூடிவிடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன்.

பெரிய எண் ஒன்றைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது என்றான் நண்பன். வீடியோ எடிட்டிங் மாதிரி வேலைகள் நியாயமாகவே நிறைய கேட்கும். ஒரு தாளில் மணியையும் எண்ணையும் குறித்துக்கொண்டு இருபது நிமிடம் வேறு வேலை பார்க்கச் சொன்னான். பார்த்தேன். சுமார் 20 எம்பி கூடியிருந்தது. இன்னொரு இருபது நிமிடம், இன்னொரு 20. நிமிடத்துக்கு ஒரு எம்பி, கடிகாரம் மாதிரி. பிரவுசரின் எண்ணையும் கூடவே குறித்திருந்தேன். அது 300 ஏறும், டேபை மூடினால் 200 இறங்கும். இந்த ஆள் இறங்கவே இல்லை. இதைத்தான் மெமரி லீக் என்கிறார்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க மறந்துபோன புரோகிராம். ஒரு நாளைக்கு ஒன்பதரை மணி நேரம் லேப்டாப் ஓடினால் 570 எம்பி. 19 நாளுக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட அதே பத்தரை ஜிபி. கணக்கு இவ்வளவு துல்லியமாக உட்கார்ந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சரக்கு கிடங்கில்தானே தூங்குகிறது, பிறகு ஏன் லேப்டாப் திணற வேண்டும்? அதையும் பார்த்தேன். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்திலிருந்து ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி பக்கத்துக்குப் போனால் ஹார்ட் ஃபால்ட்ஸ் என்று ஒரு நெடுவரிசை. புரோகிராம் கேட்டது ரேமில் இல்லாமல் டிஸ்க்குக்குப் போய் எடுத்து வர வேண்டியிருந்தது எத்தனை முறை என்று அது சொல்லும். பத்து நிமிடம் கண்கொட்டாமல் பார்த்தேன். சில நிமிடத்துக்கு ஒருமுறை இந்த ஆள் தன் மூட்டையைப் பிரித்து எண்ணிப் பார்க்கிறான். அப்போது அவன் ரேமில் பிடிக்கும் இடம் 207 எம்பியிலிருந்து 3 ஜிபியைத் தாண்டி எகிறுகிறது. அவனுக்கு இடம் விட, வேர்டும் பிரவுசரும் வெளியே தள்ளப்படுகின்றன. அந்த நேரம் பார்த்து நான் "கொண்டிருந்தான்" என்று தட்டியிருக்கிறேன்.

ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஏறக்குறைய 100 நானோ வினாடி ஆகும். எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க அதைப்போல ஆயிரம் மடங்கு. ரேமுக்கு ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால் எஸ்எஸ்டிக்குப் பதினேழு நிமிடம்; சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் என்றால் ஒரு நாளுக்கும் மேல். எஸ்எஸ்டி போட்டிருந்ததால்தான் என் மெஷின் இத்தனை நாள் தாக்குப்பிடித்தது. அதனாலேயே நோயும் இத்தனை நாள் மறைந்திருந்தது.

சரி, ஆள் கிடைத்துவிட்டான் என்று எண்ட் டாஸ்க் கொடுத்தேன். போனான். போன கையோடு கமிட்டட் 17.8லிருந்து 7.3க்கு விழுந்தது. ஒரு நிமிடத்தில் அதே பெயர், வேறு பிஐடி எண்ணோடு (ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் விண்டோஸ் தரும் அடையாள எண்) திரும்பி வந்தான். வைரஸேதான் என்று வயிற்றைக் கலக்கியது. உண்மையில் அது ஒரு விண்டோஸ் சர்வீஸ். சர்வீஸ்களுக்கு ரெகவரி என்று ஓர் அமைப்பு உண்டு. செத்துப்போனால் ஒரு நிமிடத்தில் மறுபடி எழுப்பு என்று நிறுவும்போதே எழுதிவைத்துவிடலாம். நல்ல சர்வீஸ்களுக்கு அது நல்லதுதான்.

தெரியாத பெயரைப் பார்த்தால் அடையாளம் கேட்கும் வழி எளிது. பெயர் மேல் வலது சொடுக்கு, ஓபன் ஃபைல் லொகேஷன். எந்த ஃபோல்டரில் குடியிருக்கிறான் என்று தெரிந்துவிடும். அந்த ஃபைலின் பிராப்பர்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் பார்த்தால் யார் கையெழுத்துப் போட்டது என்பதும் தெரியும். பெயர் எஸ்விசிஹோஸ்ட் என்று இருந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம்; அது விண்டோஸின் பொதுச் சுமைதாங்கி. அதன் மேல் வலது சொடுக்கி கோ டு சர்வீசஸ் கொடுத்தால், உள்ளே சவாரி செய்வது யார் என்று காட்டும்.

என் ஆள் இருந்த ஃபோல்டரைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அது ஒரு பிரிண்டரின் பெயர். ஒரு வருடத்துக்கு முன் நான் அண்ணனுக்குக் கொடுத்துவிட்ட பிரிண்டர். பிரிண்டர் போய்விட்டது, அதன் "உதவியாளர்" மென்பொருள் போகவில்லை. மையின் அளவை விசாரிக்க பிரிண்டரைக் கூப்பிடும், பதில் வராது, கூப்பிட்டதைத் தன் குறிப்பில் எழுதிக்கொள்ளும், மறுபடி கூப்பிடும். காலி செய்துகொண்டு போனவரைத் தேடி வந்து கதவைத் தட்டிவிட்டுப் போகிற ஆள் மாதிரி, வருடம் முழுக்க. சர்வீஸின் பதிவு ஃபைலில் அத்தனையும் இருந்தது, "கருவி கிடைக்கவில்லை" என்று நிமிடத்துக்கு ஒரு வரி.

சர்வீசஸைத் திறந்து அதை முறையாக நிறுத்தினேன். பிறகு செட்டிங்ஸில் போய் மென்பொருளை நீக்கினேன். நீக்கிய பிறகும், புது வெர்ஷன் வந்திருக்கிறதா என்று பார்க்கும் குட்டி வேலை ஒன்று டாஸ்க் ஷெட்யூலரில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதையும் பிடுங்கினேன். மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஆட்டோரன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸ் கிளம்பும்போது தானாகத் தொற்றிக்கொள்கிறவர்கள் அத்தனை பேரையும் ஒரே பட்டியலில் காட்டும். மைக்ரோசாஃப்ட்டுடையவற்றை மறைத்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தேன். பழைய கேமரா, எப்போதோ போட்ட பேக்கப் மென்பொருளின் மிச்சம், இப்போது இல்லாத ஹெட்செட். சிலவற்றின் டிக்கை எடுத்தேன். என்னவென்று தெரியாததைத் தொடவில்லை. டிக்கை எடுத்தால் பிறகு போட்டுக்கொள்ளலாம். அழித்தால் திரும்ப வராது. ஆரம்பத்தில் ஆர்வக்கோளாறில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். கடைசியாகத்தான் ரீஸ்டார்ட்.

இதற்கு நடுவில் ரேமை 16 ஜிபி ஆக்கிவிடலாம் என்று ஆசைப்பட்டதும் உண்டு. ஆக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது கணக்குப் போட முடிகிறது. கூடுதல் 8 ஜிபியை இந்த ஆள் பதினான்கு நாளில் தின்று முடித்திருப்பான். மாதாந்திர அப்டேட் அதற்குள் பெரும்பாலும் வந்து காப்பாற்றியிருக்கும். "ரேம் போட்டேன், சரியாயிடுச்சு" என்று நானும் நாலு பேருக்குச் சொல்லியிருப்பேன்.

உங்கள் லேப்டாப் திணறினால் காரணம் இதேதான் என்று சொல்ல மாட்டேன். ரேம் 70 சதவீதம் நிரம்பியிருப்பது தன்னளவில் நோயே இல்லை. அவைலபிள் என்ற எண் தாராளமாக இருந்தால் போதும். வைரஸ் ஸ்கேனும் அப்டேட்டும் ஓடும்போது மெஷின் திணறும், ஒரு மணி நேரத்தில் தானே அடங்கும். பிரவுசர்தான் ஏறிக்கொண்டே போகிறது என்றால் எந்த டேப் என்று பார்க்கலாம். குரோம், எட்ஜ் இரண்டிலும் ஷிப்ட்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் அதன் சொந்த டாஸ்க் மேனேஜர் வரும். பட்டியலில் யாருமே பெரிதாக இல்லை, ஆனாலும் மெமரி நிரம்புகிறது என்றால் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் நான்-பேஜ்டு பூல் என்ற எண்ணைப் பாருங்கள். அது ஜிபிக் கணக்கில் நின்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவரின் (கருவிகளை இயக்கும் மென்பொருள்) வேலை. மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரின் மெமரி பிரஷர் வரைபடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நான் அணைத்துவிட்டேன். காலையில் கிளம்பக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கிறது. அணைத்தால் அணைந்திருக்கிறது என்ற நிம்மதிக்கு அது பரவாயில்லை. ஆனால் முதல் மூன்று வாரம் வேண்டுமென்றே அந்த வசதியை அணைக்காமல் விட்டு, கமிட்டட் எண்ணை மட்டும் தினமும் அந்தத் தாளில் குறித்து வந்தேன். 5.2, 5.6, 4.9, 5.4. இருபத்தோராம் நாள் 5.1.

போன வாரம் அண்ணன் வீட்டில் அவருடைய லேப்டாப்பைத் திறந்து, அவர் "என்னடா தேடறே?" என்று கேட்கக் கேட்க, டீடெயில்ஸில் கமிட் சைஸைப் போட்டுப் பார்த்தேன். அதே எட்டு எழுத்துப் பெயர் அங்கேயும் ஓடிக்கொண்டிருந்தது. பிரிண்டர் பக்கத்து மேசையில் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. கமிட் 38 எம்பி. அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி பார்த்தேன், 38தான்.